5-புளோரோயுராசில்

5-புளோரோயுராசில் (சுருக்கமாக 5-எஃப்.யூ) என்பது பெருங்குடல், இரைப்பை, கணையம், மார்பகம் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுக்கு வழங்கப்படும் ஒரு மருந்து ஆகும். இது வளர்சிதைமாற்ற எதிர்ப்பொருள் என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை மருந்துகள், உயிரணு வழக்கமாகக் கையாளும் ஒரு பொருளின் தோற்றத்தில் உள்ளே நுழைந்து அதன் வேதிவினைகளைக் குலைக்கின்றன. 5-எஃப்.யூ டி.என்.ஏ இழையைத் தானே வெட்டுவதில்லை. வெட்டுவது உயிரணுவின் சொந்தப் பழுதுநீக்க நொதிகளே.

வரலாறு

எலிகளின் கல்லீரல் புற்றுக்கட்டிகள், இயல்பான கல்லீரலைக் காட்டிலும் கூடுதலாக யுராசிலைப் பயன்படுத்துவது 1954 இல் அறியப்பட்டது. யுராசிலின் ஐந்தாம் கரிம அணுவில் உள்ள ஐதரசனுக்குப் பதிலாகப் புளோரினை வைத்தால், புற்றணுக்கள் அதனை ஏற்றுக்கொண்டு கேடுறும் என அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஐடல்பெர்கர் கருதினார். ராபர்ட் துஷின்ஸ்கி முதலானோருடன் இணைந்து அவர் கண்ட முடிவுகள் 1957 இல் வெளியாயின. தற்செயலாகக் கிடைக்காமல், காரணம் அறிந்து வடிவமைக்கப்பட்ட தொடக்ககாலப் புற்றுநோய் மருந்துகளுள் இதுவும் ஒன்று.

செயற்படும் முறை

ஆர்.என்.ஏ இல் யுராசில் இருக்கும் இடத்தில் டி.என்.ஏ இல் தைமின் இருக்கிறது. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஐந்தாம் கரிமத்தில் அமைந்த ஒரு மெத்தில் தொகுதி மட்டுமே. அதனைச் சேர்ப்பது தைமிடிலேட்டு சிந்தேசு என்னும் நொதி. மெத்திலைக் கொடுப்பது ஒரு போலேட்டு மூலக்கூறு. இவ்வினை முடிய ஐந்தாம் கரிமத்திலுள்ள ஐதரசன் விலகவேண்டும். உயிரணுவினுள் மாற்றமடைந்த 5-எஃப்.யூ இந்நொதியில் அமரும்போது, அங்குள்ள புளோரின் விலகுவதில்லை. நொதி, போலேட்டு, மருந்து மூன்றும் பிணைந்து நின்றுவிடுகின்றன. போலினிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுப்பது இப்பிணைப்பை உறுதியாக்கவே.

இதனால் தைமின் கூறுகள் குறைந்து, யுராசில் கூறுகள் பெருகுகின்றன. டி.என்.ஏ படியெடுக்கப்படும்போது தைமினுக்குரிய இடங்களில் யுராசில் சேர்ந்துவிடுகிறது. டி.என்.ஏ இல் யுராசில் இருப்பது பிழை என்பதை உயிரணு அறியும். ஒரு நொதி அதனைப் பிடுங்கி எடுக்க, மற்றொன்று அவ்விடத்தில் இழையை வெட்ட, மூன்றாவது இடைவெளியை நிரப்புகிறது. நலமான உயிரணுக்களிலும் இது நாள்தோறும் நடப்பதே. ஆனால் இங்கு நிரப்புவதற்குத் தைமின் இல்லை. மீண்டும் யுராசிலே வைக்கப்படுகிறது. அது மீண்டும் பிடுங்கப்படுகிறது. கணினி நிரலில் வெளியேறும் நிபந்தனை இல்லாத சுழற்சியை இதற்கு ஒப்பிடலாம். வெட்டுகள் பெருகி, அருகருகே இரு இழைகளிலும் நேரும்போது டி.என்.ஏ முற்றாக முறிகிறது, உயிரணு இறக்கிறது. இம்மருந்து ஆர்.என்.ஏ இலும் சேர்ந்து கேடு விளைவிக்கும்.

நச்சுத்தன்மை

எலும்பு மச்சை, வாய், குடல் ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைந்து பிரிபவை. ஆகவே வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு ஆகியன ஏற்படுகின்றன.

உட்செலுத்தப்படும் மருந்தில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைக் கல்லீரலில் உள்ள டைஐதரோபிரிமிடின் டிஐதரோசனேசு என்னும் நொதி சிதைத்துவிடுகிறது. மரபுவழியாக இந்நொதி குன்றியவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். உடலில் 5-எஃப்.யூ ஆக மாறும் காப்பெசிட்டபீன் மாத்திரைக்கும் இது பொருந்தும். சிகிச்சைக்கு முன் இக்குறைபாட்டைச் சோதிக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2020 இல் பரிந்துரைத்தது. மிகைநச்சுக்கு மாற்றாக யுரிடின் டிரைஅசிட்டேட்டு 2015 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கடைசி மருந்தளவு முடிந்த 96 மணி நேரத்துக்குள் அதனைக் கொடுக்கவேண்டும்.