ஆனைக்கரையில் வீட்டுப் படம் போடும் கம்ப்யூட்டர்

குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆனைக்கரை. பாலக்காடு ஜில்லாவிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் சொல்வது இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்தது. இந்த ஜில்லாவுக்கு ரயில் கிடையாது. போடிக்கு 2023 ஜூனில் அகல ரயில் வந்தது. அதற்கு மேல் பஸ்தான். ரயில்வே குமாஸ்தாவான நானும் பஸ்ஸில்தான் போனேன்.

என் நண்பர் அங்கே ஏலத் தோட்டத் தொழிலாளி. ஐ.டி.ஐ. படித்த அவர் மகன் கடைவீதி மாடியில் வீட்டு பிளான் வரைகிறான். கட்டட அனுமதி இப்போது கே-ஸ்மார்ட் என்ற இணைய முறையில் நடக்கிறது. 2024 ஜனவரியில் நகரசபைகளுக்கும், 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. அதற்கு வேண்டிய கோட்டுப் படம் போடப் பழைய கம்ப்யூட்டரே போதும். ஆனால் வீடு கட்டுகிறவருக்குக் கோட்டுப் படம் போதவில்லை. சரிவு, மரம், வெயில் எல்லாம் தெரிய, கட்டி முடித்த வீடு போலவே கலரில் பார்க்கவேண்டும் என்கிறார்.

அதற்காகத் தாயார் சங்கிலியை அடகு வைத்துப் புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். "கோர் நிறைய இருக்கு தம்பி, எல்லா வேலையும் ஓடும்" என்றாராம் கடைக்காரர். படம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின இரவு அது அப்படியே நின்றுவிட்டது.

கோளாறு இயந்திரத்தில் இல்லை, தேர்வில். ஸ்கெட்ச்அப், ரெவிட், ஆட்டோகேட் போன்றவற்றில் வீட்டை உருவாக்குவது ஒரே கணக்குப் புத்தகத்தை எழுதுவது போல. பத்து குமாஸ்தாக்கள் சூழ்ந்து நின்றால் பயனில்லை. கை வேகமுள்ள ஒருவர் வேண்டும். அதாவது கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். வண்ணப் படமாக்கும் ரெண்டரிங் அப்படியல்ல. அது காய் எடுப்பு. ஆள் கூடக்கூட வேலை சீக்கிரம் முடியும். கொரோனா போன்ற மென்பொருளுக்குக் கோர் நிறைய இருப்பது நல்லதே. பையன் வைத்திருப்பதோ லூமியான். அது கிராபிக்ஸ் கார்டை நம்பியே ஓடும். கடைக்காரர் போட்டிருந்த கார்டில் நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. மரமும் சரிவும் சேர்ந்த காட்சி அதில் கொள்ளவில்லை. ஆகவே எந்த மென்பொருளில் வேலை என்று தீர்மானித்த பிறகே கடைப்படி ஏறவேண்டும்.

புது நம்பர் என்றால் எல்லாம் அதிகம் என்றும் எண்ணவேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டில் நினைவகம் 8 ஜி.பி.; அதற்கு முந்தைய 3060-ல் 12 ஜி.பி. வகை உண்டு. வேகத்தில் புதியது மேல். பெரிய காட்சியைத் தாங்குவதில் பழையது மேல். கம்ப்யூட்டரின் பொது நினைவகம் 32 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்னல் போலச் சிவப்பும் பச்சையும் எரிகின்றனவே, அவற்றால் படம் ஒரு நிமிஷம்கூட முந்தி வராது!

கார்டை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். அதற்கு 550 வாட் பவர் சப்ளை தேவை. உள்ளே இருந்தது போதவில்லை. மறுபடி செலவு. யு.பி.எஸ்.ஸிலும் இதே கதைதான். 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். ரெண்டரிங் ஓடும்போது கார்டு, புராசஸர், திரை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடலாம். கரண்ட் போன நொடியே கம்ப்யூட்டரும் அணையும்; பல மணி நேர வேலை போய்விடும்.

இப்போது 12 ஜி.பி. கார்டு போட்டாயிற்று. நின்றுபோன அதே வீடு, மரங்களோடு படமாக வந்துவிட்டது. சங்கிலி இன்னும் பாங்கில்தான் இருக்கிறது.

நான் கிளம்பும்போது துலா மாதத்து இடி முழங்கியது. மலை உச்சியில் மின்னலுக்கு யு.பி.எஸ். காவல் ஆகாது. கம்ப்யூட்டர் தெரியாத நண்பர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். "இன்டர்நெட் வயரையும் உருவுங்க அண்ணே, இடி அது வழியாகவும் வரும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன்.