பைக் மாதிரி கியர் மாற்றும் கார்: சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் யாருக்கு?

பைக்கில் கியர் மாற்றுவது சுலபம். காலால் ஒரு தட்டு தட்டினால் ஒரு கியர் ஏறும் அல்லது இறங்கும். ரேஸ் கார்களில் இருக்கும் சீக்வென்ஷியல் கியர்பாக்ஸும் இதே ரகம்தான். பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவோருக்கும் இதை ஓர் ஆப்ஷனாகக் கொடுத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண மேனுவல் காரில் லீவர் 'ஹெச்' வடிவப் பாதையில் நகரும். சீக்வென்ஷியலில் முன், பின் என்று இரண்டே திசைகள். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஓர் உருளை கொஞ்சம் சுழலும். அதில் வெட்டப்பட்ட பள்ளங்கள் கியர்களை வரிசைப்படி மாட்டிவிடும். கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் வளையம் ரேஸ் ரகத்தில் இருக்காது. 'டாக்' எனப்படும் தடித்த பற்கள் டக்கென்று கோத்துக்கொள்ளும்.

லாபம் என்ன?

முதலாவது, வேகம். எஞ்சின் விசையை ஒரு கணம் குறைத்தால் போதும், கிளட்சை மிதிக்காமலே அடுத்த கியருக்குப் போய்விடலாம். இரண்டாவது, பாதுகாப்பு. 'ஹெச்' லீவரில் ஐந்திலிருந்து நான்குக்குப் போக நினைத்து, கை தவறி இரண்டில் போட்டால் எஞ்சின் காலி. இதில் அந்தத் தவறு நடக்காது.

நஷ்டம்?

ஐந்திலிருந்து நேராக இரண்டுக்குத் தாவ முடியாது. ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். நேர்வெட்டுப் பற்கள் என்பதால் சத்தம் காதைத் துளைக்கும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கார் குலுங்கும். தயங்கித் தயங்கி கியர் போட்டால் 'டாக்' முனைகள் தேய்ந்துவிடும். அப்புறம் பெட்டியைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

யார் கொடுத்தார்கள்?

1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரின் வாரிசு, பிரிட்டனின் கேட்டர்ஹாம் செவன். அதன் 620ஆர் மாடல் 2013-ல் 6 கியர் சீக்வென்ஷியலோடு வந்தது. சுமார் 310 குதிரைத்திறன், எடையோ 600 கிலோவுக்கும் கீழே. பின்னர் வந்த, சாலைப் பயணத்துக்கு ஏற்ற 620எஸ் மாடலுக்கு சாதாரண 5 கியர் மேனுவல். ஒரே குடும்பம், இரண்டு வழி. டிராக்கில் ஓட்டுகிறவர் ஒன்றை எடுக்கலாம், ஊர் சுற்றுகிறவர் மற்றதை எடுக்கலாம்.

ஆப்ஷன் எங்கே முடியும்?

ரசிகர்களின் பயம் இங்கேதான். 1997-ல் ஃபெராரி தன் எஃப்355 காரில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டைகளைத் தட்டி கியர் மாற்றும் வசதியை ஆப்ஷனாகத் தந்தது. அது ரேஸ் பெட்டி அல்ல. மேனுவல் கியர்பாக்ஸையே ஹைட்ராலிக் முறையில் இயக்கும் ஏற்பாடு. ஆனாலும் பலரும் அதையே விரும்ப, 2009-ல் வந்த 458 இட்டாலியாவில் மேனுவலே இல்லை.

போர்ஷேவும் 2013-ல் 911 ஜிடி3 காரை இரட்டை கிளட்ச் தானியங்கி கியருடன் மட்டுமே விற்றது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016-ல் மேனுவல் மட்டுமே கொண்ட 911ஆர் வந்தது. 2017-ல் ஜிடி3-யிலும் மேனுவல் திரும்பியது.

லேப் நேரத்தில் மேனுவல் தோற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த கார்களை வாங்குகிறவர்களில் பலர் நொடிக்கணக்கு பார்த்து வாங்குவதில்லை. கையும் காலும் சேர்ந்து செய்யும் வேலைக்காகத்தான் வாங்குகிறார்கள். எனவே சீக்வென்ஷியலைப் பட்டியலில் சேர்ப்பது நல்லதுதான், மேனுவலை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்காத வரைக்கும்.