கூலச் சந்தை

அங்காடியிலே ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்குவோர் வருந்துவர். இறங்கினால் விற்போர் வருந்துவர். விலையைப் பழிப்பார் பலர். அஃது ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்று ஆராய்வார் சிலரே. மாணவர்களே! அச்சிலருள் நீங்களும் சேர்தல் வேண்டும்.

நாமக்கல்லைச் சூழ்ந்த ஊர்களிலே கோழிப்பண்ணைகள் மிகுதி. ஒரு முட்டையை உண்டாக்க ஆகும் செலவிற் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்கே செல்கின்றது. அத்தீவனத்தில் மிகுதியாகச் சேர்வன மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் ஆகும். 2021-ஆம் ஆண்டிலே சோயாப் பிண்ணாக்கின் விலை பெரிதும் ஏறிற்று. கோழி வளர்ப்போர் முறையிட, இந்திய அரசு 12 இலட்சம் டன் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்க இசைந்தது. ஏழை வீட்டுக் குழந்தை உண்ணும் முட்டைக்கும் கடல் கடந்த வயல்களுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

நெல், வரகு முதலிய தானியங்களையும், அவரை, உளுந்து முதலிய பயறுகளையும் கூலம் என்னும் ஒரே சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். மணிமேகலை இயற்றிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் ஆவார். அக்கூல வாணிகம் இன்று உலகளாவியதாய் வளர்ந்துள்ளது. மக்காச்சோளம், வாற்கோதுமை, சோளம் ஆகியவை கால்நடைக்கும் கோழிக்கும் உணவாகும் தீவனத் தானியங்கள். சோயா, கடுகினம், சூரியகாந்தி, நிலக்கடலை முதலியவை எண்ணெய் வித்துகள். இவ்வித்துகளுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஒரே வித்து இருவருக்குப் பயன்படுகின்றது. எண்ணெய் மனிதனுக்கு ஆகும். எஞ்சிய பிண்ணாக்கு கால்நடைக்கு ஆகும். அமெரிக்கர் கையாளும் முகத்தலளவு புஷல் என்பது. ஒரு புஷல் சோயா 27 கிலோவுக்குச் சற்று மிகுதியான எடையுடையது. அதனை ஆட்டினால் ஏறத்தாழ 5 கிலோ எண்ணெயும் 20 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். எண்ணெய்க்கு வேட்கை மிகுந்து ஆலைகள் மிகுதியாக ஆட்டினால், பிண்ணாக்கு மலிந்து விலை குறைவதும் உண்டு. ஒன்றின் ஏற்றமே மற்றொன்றின் இறக்கத்திற்குக் காரணமாதல் காண்மின்!

உலகக் கூல விலைக்கு உரைகல் போல விளங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள சிக்காகோ நகரத்துச் சந்தை. அந்நகரத்து வணிகர் 1848-ஆம் ஆண்டில் ஒரு வாணிகக் கழகம் அமைத்தனர். அவ்வாண்டிலேயே இல்லினாய் ஆற்றையும் மிச்சிகன் ஏரியையும் இணைக்கும் கால்வாயும் திறக்கப்பட்டது. பின்னர்ப் புகைவண்டிப் பாதைகள் நாற்புறமும் பரந்தன. உழவர்தம் கூலம் வெள்ளமென நகரத்துட் புகுந்தது. முன்னாளில் ஒவ்வோர் உழவனின் தானியமும் தனித்தனிச் சாக்கிலே கட்டிவந்து, தனித்தனியே பார்த்து விலை பேசப்பட்டது. பெருங் குதிர்கள் எழுந்த பின்னர்ப் பலருடைய தானியமும் ஒன்றாய்க் கொட்டப்பட்டது. ஆதலின், தரம் பிரித்தல் இன்றியமையாததாயிற்று. 1850-களின் பிற்பகுதியில் அக்கழகத்தார் தர வரையறைகளை வகுத்தனர். தரம் உறுதியானபின், பொருளைக் கண்ணாற் காணாமலே அதனை வாங்கவும் விற்கவும் இயன்றது.

இதிலிருந்தே முன்பேர வணிகம் வளர்ந்தது. ஓர் உழவன் வேனிலின் தொடக்கத்தில் மக்காச்சோளம் விதைக்கின்றான். இலையுதிர் காலத்திலே அறுவடை செய்வான். அப்பொழுது விலை வீழ்ந்துவிட்டால் விதைக்கும் உரத்திற்கும் இட்ட பொருளும் மீளாதே என்று அஞ்சுகின்றான். பண்ணைக்காரன் ஒருவனோ, அப்பொழுது விலை ஏறிவிட்டால் கோழிகளை எவ்வாறு காப்பேன் என்று அஞ்சுகின்றான். இருவர் அச்சமும் எதிரெதிரானவை. ஆதலின் ஒன்றற்கு ஒன்று மருந்தாகின்றது. வரும் மாதத்திற்குரிய விலையை இன்றே உறுதிசெய்து கொண்டால் இருவரும் அமைதியாக உறங்கலாம். வாக்கை மீறாதிருத்தற்பொருட்டு இருசாராரும் முன்பணம் கட்டுதல் வேண்டும் என்னும் விதி 1865-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இவ்விருவருக்கும் இடையே நின்று, விலை மாற்றத்தால் வரும் ஊதியத்தை விரும்பி இடரை ஏற்பார் ஊக வணிகர். அவர் இல்லையேல் விற்போனுக்கு உரிய நேரத்தில் வாங்குவோன் கிடைத்தல் அரிது. எனினும், அவர்தம் ஆசையும் அச்சமும் விலையை அளவு கடந்து ஆட்டுவதும் உண்மையே.

இனி, விலை வாரந்தோறும் ஏறி இறங்குவது எதனால் என்பதைக் காண்போம். அமெரிக்க வேளாண்மைத் துறையினர் பயிர்க்காலத்தில் திங்கட்கிழமைதோறும் பயிரின் நிலையை வெளியிடுகின்றனர். மிக நன்று, நன்று, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என ஐவகையாகப் பயிரைப் பகுத்து, ஒவ்வொரு வகையும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டுவர். வெளிநாட்டார் எவ்வளவு வாங்க ஒப்பந்தம் செய்தனர் என்னும் கணக்கினை வியாழக்கிழமைதோறும் வெளியிடுவர். இவற்றை உலகெங்கும் உள்ள வணிகர் விழித்திருந்து நோக்குவர்.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. நல்ல மழை பெய்தது என்னும் செய்தி வந்தும் சிலபோது விலை இறங்குவதில்லை. மழை வரும் என்று எல்லாரும் முன்னரே எதிர்பார்த்து, அதற்கேற்ப விலையும் முன்னரே இறங்கியிருத்தலே அதற்குக் காரணம். விலையை அசைப்பது செய்தியன்று; எதிர்பார்த்ததற்கும் வந்த செய்திக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

பருவமும் விலையை ஆளுகின்றது. ஜூலைத் திங்களில் அயோவா, இல்லினாய் மாநிலங்களில் மக்காச்சோளம் பட்டிழை விட்டு மகரந்தம் ஏற்கும். ஆகஸ்டுத் திங்களில் சோயாவின் காய்கள் திரளும். அவ்விரு திங்களிலும் மேகம் திரண்டால் விலை தளரும். வானம் வறண்டால் விலை எழும். 2012-ஆம் ஆண்டில் அங்கே கொடிய வறட்சி தோன்றிற்று. ஒரு புஷல் மக்காச்சோளம் 8 டாலரையும், ஒரு புஷல் சோயா 17 டாலரையும் கடந்தன. பின்னர் விளைச்சல் பெருகவே, 2014-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் 4 டாலருக்கும் கீழே இறங்கிற்று. வறட்சியால் ஏறிய விலையை வளம் இறக்கிவிடும். இஃது இயற்கை.

ஆயின், எல்லா ஏற்றமும் வானத்தால் வருவதன்று. கடலாலும் வரும், அரசின் ஆணையாலும் வரும். இதனை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது பெரு நாடு. அதன் கடலிலே நெத்திலி இனத்து மீன் அளவின்றிக் கிடைத்தது. 1970-ஆம் ஆண்டில் அங்கே பிடித்த மீன் 1 கோடியே 20 இலட்சம் டன்னுக்கும் மிகுதி. அம்மீனை உலர்த்தித் தூளாக்கி, கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக உலகெங்கும் அனுப்பினர். 1972-ஆம் ஆண்டில் எல் நினோ என்னும் வெப்பநீர்ப் பெருக்கு அக்கடலிற் பரவிற்று. குளிர்நீரை நாடி வாழும் மீன் மறைந்தது. முன்னரே அளவின்றிப் பிடித்தமையும் கேட்டினைப் பெருக்கிற்று. 1973-ஆம் ஆண்டில் மீன்பிடிப்பு 20 இலட்சம் டன்னுக்கும் கீழே போயிற்று.

அதே 1972-இல் சோவியத்து நாட்டிலே விளைச்சல் குன்றியது. அந்நாட்டார் அமெரிக்கக் கூலத்தைப் பெருமளவில் வாங்கினர். இந்தியாவிலும் பருவமழை பொய்த்து நிலக்கடலை விளைவு குறைந்தது. கடலைப் பிண்ணாக்கும் அருகிற்று. மீன்தூள் இல்லை, கடலைப் பிண்ணாக்கு இல்லை. எஞ்சியது சோயா ஒன்றே. உலகத்துப் பண்ணைக்காரர் அனைவரும் அதனையே நாடினர். முன்னர் மூன்று, நான்கு டாலர் அளவில் இருந்த ஒரு புஷல் சோயா, 1973-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 12 டாலரைக் கடந்தது.

தம் நாட்டில் இறைச்சியும் கோழியும் விலையேறுவது கண்டு அமெரிக்க மக்கள் சினந்தனர். அதிபர் நிக்சனின் அரசு 1973, ஜூன் 27-ஆம் நாள் சோயா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சில நாட்களில் தடையைத் தளர்த்தி, முன்னரே செய்த ஒப்பந்தங்களில் பாதியளவு சோயாவை மட்டும் அனுப்பலாம் என்றது. விலை பேசி முடித்த சரக்கிலும் பாதி வாராது என்னும் நிலை உண்டாயிற்று.

ஜப்பானிய மக்கள் சோயாவைத் தீவனமாக மட்டும் கொள்வாரல்லர். சோயாப் பாலை உறையச் செய்த டோஃபுவும், சோயாவைப் புளிக்கச் செய்த மிசோவும் அவர்தம் அன்றாட உணவாகும். தாம் தருவிக்கும் சோயாவிற் பத்தில் ஒன்பது பங்கு அளவு அமெரிக்காவிலிருந்தே பெற்றுவந்த அவர்கள் திடுக்கிட்டனர். ஒருவன் வாயிலையே நம்பியிருத்தல் தகாது என உணர்ந்து, பிற வாயில்களைத் தேடினர்.

பிரேசில் நாட்டின் நடுப்பகுதியிலே செராடோ என்னும் பரந்த புல்வெளி உள்ளது. அதன் மண் புளிப்புத்தன்மை மிக்கது. பயிருக்கு உதவாதென்று நெடுங்காலம் கைவிடப்பட்டது. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்தவும், வெப்பநாட்டிற்கேற்ற சோயா வகைகளை உண்டாக்கவும் வழி கண்டனர். ஜப்பானும் பிரேசிலும் கூடி அந்நிலத்தைப் பண்படுத்தும் திட்டத்தை 1979-ஆம் ஆண்டில் தொடங்கின. இன்று உலகிலே சோயாவை மிகுதியாக விளைப்பதும் மிகுதியாக ஏற்றுமதி செய்வதும் பிரேசிலே. அத்தடையொன்றே இதற்குக் காரணம் என்றல் பொருந்தாது; பிரேசில் மக்களின் உழைப்பும் அறிவும் முதற்காரணம். அந்நிலம் விளைநிலமானபோது காடும் புல்வெளியும் பெரிதும் அழிந்தன என்பதையும் மறத்தல் கூடாது. எனினும், வாங்குவோரின் ஐயமும் அப்போட்டியை வளர்த்தது என்பதில் தவறில்லை. தடை சில திங்களில் நீங்கிற்று, விலையும் இறங்கிற்று, ஐயமோ எளிதில் நீங்கவில்லை.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உருசியப் படை உக்ரைனிற் புகுந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. சூரியகாந்தி எண்ணெயின் விலை உயர்ந்தது. அவ்வெண்ணெயைப் பெரும்பாலும் உக்ரைனிலிருந்தே தருவித்த இந்தியாவும் அதனால் இடருற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் இந்தோனேசியா தன் மக்களுக்கு எண்ணெய் மலிவாகக் கிடைத்தல் வேண்டும் என்று பனை எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தது. ஆலைகளின் தொட்டிகள் நிரம்பின. பழக்குலைகளை வாங்குவாரின்றி அந்நாட்டு உழவரே துயருற்றனர். ஒரு திங்கள் முடியுமுன் தடை நீக்கப்பட்டது.

தன் மக்கள் பசித்திருக்கப் பிறருக்கு விற்றல் எவ்வரசுக்கும் எளிதன்று. ஆதலின், தடை விதித்தாரை நாம் எளிதாகப் பழித்தல் ஆகாது. ஆயினும், பஞ்சம் வந்தபின் வாயிலை அடைப்பதினும், வருமுன்னரே குதிரை நிறைத்து வைத்தல் நன்று. வாங்கும் நாடும் ஒரு வாயிலையே நம்பாது பல வாயில்களை நாடுதல் நன்று.

மாணவர்களே! நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு கூலத்தின் விலை இவ்வாரம் ஏறிற்று என்று காணும்பொழுது, மூன்று வினாக்களை எழுப்புங்கள். விளைவு குறைந்ததோ? வேட்கை மிகுந்ததோ? வழி அடைபட்டதோ? ஏறக்குறைய எல்லா ஏற்றத்திற்கும் விடை இம்மூன்றனுள் அடங்கும். ஒரு வாரத்து ஏற்றம் கண்டு மயங்காமலும், ஒரு வாரத்து இறக்கம் கண்டு மகிழாமலும், காரணம் நிலைத்ததோ கடந்து போவதோ என்று ஆராயுங்கள். விலைப்பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வானத்தை நோக்கி நிற்கும் உழவன் ஒருவனும், தீவனச் சாக்கைத் தடவிப் பார்க்கும் பண்ணைக்காரன் ஒருவனும் உளர் என்பதையும் மறவாதீர். வறட்சியால் ஏறிய விலையை அடுத்த மழை இறக்கிவிடும். முறிந்த வாக்கினால் போன நம்பிக்கையை மீட்டுத்தரும் மழை எப்பருவத்திலும் பெய்வதில்லை.