கேக்குக்கும் கணக்கு இருக்கு மாப்ளே!

ஃப்ரெண்டுக்கு பர்த்டே. ஆளுக்கு அம்பது ரூபாய்னு வசூலும் முடிஞ்சாச்சு. அடுத்து என்ன? நெட்டுல சுட்ட மூணடுக்கு கேக் படத்தை கேக் டிசைனர் அக்காவுக்கு அனுப்பி, 'இதே மாதிரி வேணும்க்கா, நாளைக்கே!' அதானே? கொஞ்சம் பொறுங்க பாஸ்.

இப்படி 'இதே மாதிரி வேணும்'னு கேட்டுத்தான் 1883-ல் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் பிறந்ததாம். இது தலச்சேரிக்காரங்க பெருமையா சொல்ற கதை. அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து துரை மர்டாக் பிரௌன், இங்கிலாந்து பிளம் கேக் ஒன்றை மாம்பள்ளி பாபுவிடம் கொடுத்தார். பாபு, பர்மாவில் பிஸ்கட் தொழில் பழகியவர். 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கியவர். ஆனால், கேக் அவருக்குப் புதுசு. துரை சொன்னது மாஹியில் கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தி. பாபு சேர்த்ததோ முந்திரிப்பழம், கதளிப்பழத்தில் ஊறிய உள்ளூர் சரக்கு. ருசி பார்த்த துரை, இன்னும் ஒரு டஜன் ஆர்டர் கொடுத்தாராம்!

மேட்டர் இதுதான். என்ன வேணும்னு சொல்றது நம்ம வேலை. எப்படிச் செய்யறதுங்கிறது அவங்க கைப்பக்குவம். வெறும் படத்தை அனுப்பினா போதாது, பேசணும். என்ன பேசணும்?

எத்தனை பேர்? 6 இஞ்சுக்கும் 8 இஞ்சுக்கும் ரெண்டு இஞ்ச்தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஒரே உயரம்னா, 36-க்கு 64. கிட்டத்தட்ட 1.8 மடங்கு கேக்! எல்லாம் நாம படிச்ச பை ஆர் ஸ்கொயர்தான்.

எங்கே வெட்டறீங்க? வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரியிலேயே உருகிடும். போடியில வாங்கி, மதிய வெயில்ல பைக்ல சிலமலைக்குக் கொண்டு போனா, எழுதின பேரு வழிஞ்சு நிக்கும். போடிமெட்டுக்கு ஏத்தறதா இருந்தா, கொண்டை ஊசி வளைவுல அடுக்கு சரியும். முதல்லயே சொல்லிட்டா, வழி தாங்கற மாதிரி ஒத்தை அடுக்குல செஞ்சு தருவாங்க.

யார் சாப்பிடறாங்க? முட்டை சாப்பிடாதவங்க, முந்திரி ஒத்துக்காதவங்க இருக்காங்களான்னு கேங்ல கேட்டுக்கங்க.

கையில எவ்வளவு? இதை மறைக்காதீங்க. சர்க்கரை மாவுல ஒரு பொம்மை பிடிக்கவே மணிக்கணக்கா ஆகும். 'பேக்கரியில பாதி விலைதானேக்கா'ன்னு பேரம் பேசும்போது நீங்க குறைக்கறது மைதா விலையை இல்லை, அந்த அக்காவோட ராத்தூக்கத்தை. காசு பத்தலையா? வேலையைக் குறைக்கச் சொல்லுங்க. பொம்மை வேண்டாம், பேர் மட்டும் போதும். நண்பன் கோவிச்சுக்க மாட்டான்.

கடைசியா ஒண்ணு. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊரை பக்கத்துல வெச்சுக்கிட்டு, எப்பவும் எதுக்கு வெனிலா எசன்ஸ்? மலையில ஏலக்காய் இருக்கு, காபி இருக்கு, மிளகுகூட இருக்கு!

அதனால, ஒரு வாரம் முன்னாடியே போன் போடுங்க. எடுத்ததுமே 'ரேட் என்னக்கா?'ன்னு ஆரம்பிக்காம, 'அவனுக்கு ஏலக்காய் டீன்னா உசுரு, அதை வெச்சு என்னக்கா பண்ணலாம்?'னு கேட்டுப் பாருங்க!