சாவி யார் கணக்கில் இருக்கிறது?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் அன்று மூழ்கிய கணினிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அப்போது எளிய வைத்தியம் ஒன்று கையில் இருந்தது. மதர்போர்டு போனால் போகட்டும் என்று ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, அது பிழைத்திருந்தால் வேறொரு கணினியில் மாட்டிக் கோப்புகளை நகல் எடுத்துவிடலாம். அப்படியொரு வெள்ளம் இன்று வந்தால், புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த வைத்தியம் பலிக்காது. டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தாலும், மாட்டிய இடத்தில் அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அப்படி ஒரு எண் இருப்பதே உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது.

இதற்குக் காரணம் பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் இந்த வசதி 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தபோது விலை கூடிய பதிப்புகளில்தான் கிடைத்தது. வேண்டும் என்பவர்தான் அதை இயக்குவார். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு இது தானாக இயங்குவதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியது. இப்போது ஹோம் பதிப்பு உள்ள புது லேப்டாப்பிலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து முதல்முறை அமைக்கும்போதே டிஸ்க் பெரும்பாலும் தானாகப் பூட்டிக்கொள்கிறது. அன்றாடம் டிஸ்க்கைத் திறந்துவிடுவது மதர்போர்டோடு இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி. கணினி தொடங்கும் விதம் பழையபடியே இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். பயாஸ் அப்டேட் செய்தாலோ, செக்யூர் பூட்டை அணைத்தாலோ, போர்டை மாற்றினாலோ சந்தேகப்பட்டு அந்த 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கச் சொல்லிவிடும். 2024 ஜூலையில் வழக்கமான மாதாந்தர அப்டேட்டுக்குப் பிறகே சிலருக்கு எண் கேட்கும் இந்த நீலத்திரை வந்தது; மைக்ரோசாஃப்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆக, திரை வந்தாலே மென்பொருள் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் பூட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, சாவி எங்கே என்பதுதான் தெரியவில்லை. என் வாதம் இதுதான்: என்கிரிப்ஷனில் கோளாறு வந்தபின் செய்யும் ரிப்பேர் மிகக் கொஞ்சம், வருவதற்கு முன் செய்வதுதான் ரிப்பேர்.

இதை மிகையென்று நினைப்பவர்கள் அந்த 48 இலக்கத்தையே பார்க்கலாம். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். அதனால்தான் ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் எந்தத் தொகுதியில் பிழை என்று திரை உடனே காட்டிவிடுகிறது. ஆனால் எண்ணே தெரியாதவருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. மொத்தம் 128 பிட், அதாவது 39 இலக்கம் வரை நீளும் எண்ணிக்கையில் வாய்ப்புகள். “திறந்து தருகிறோம்” என்று முன்பணம் கேட்கும் கடைக்காரரிடமும் இந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரை வந்துவிட்டது, என்ன செய்வது? முதலில், ஃபார்மட்டும் ரீசெட்டும் வேண்டாம், டிபிஎம்மை அழிக்கவும் வேண்டாம். கடைசியாக என்ன மாற்றினோம் என்று யோசித்து, பயாஸ் அமைப்பைப் பழையபடி வையுங்கள். வேறு கணினியில் மாட்டிய டிஸ்க் என்றால், பழைய கணினி ஓடும் நிலையில் இருக்கும்பட்சத்தில் அதிலேயே மாட்டுங்கள். இதிலேயே சில பூட்டுகள் திறந்துவிடும். இல்லையென்றால் திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, ஃபோனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பகுதியில் அதே ஐடிக்கு நேராக உள்ள எண்ணைத் தேட வேண்டும். இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். யாருடைய கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று கடைப்பையன் தன் மின்னஞ்சலை அடித்து அமைத்துக் கொடுத்திருக்கலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் முந்தைய உரிமையாளருடையதாக இருக்கலாம். கல்லூரி அல்லது கம்பெனி மின்னஞ்சலில் நுழைந்திருந்தால் எண் அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் இருக்கும். வேலையை விட்டு வந்தவருக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்காது. மற்ற மறையாக்க மென்பொருள்களிலும் கதை ஏறக்குறைய இதுவே. வெராகிரிப்டில் ஹெடர் என்ற தொடக்கப் பகுதி பழுதானால் எடுத்துவைத்த ஹெடர் பிரதியும் கடவுச்சொல்லும் காப்பாற்றும். கோப்புகளைத் தனித்தனியாக மறையாக்கும் விண்டோஸின் பழைய ஈஎஃப்எஸ்ஸில் சான்றிதழைச் சேமிக்காமல் விண்டோஸை மீண்டும் நிறுவினால், கோப்பின் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது.

அப்படியானால் இந்தத் தொல்லையே வேண்டாம், அணைத்துவிடலாமே என்பார்கள். வீட்டை விட்டு நகராத, சினிமாவுக்கும் பாட்டுக்கும் மட்டுமான கணினி என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பாதையில் நிலைமை வேறு. இங்கே கார், ஃபோன் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையின் லேப்டாப்பில் வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த வரைபடம் இருக்கும். ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் லேப்டாப்பில் தொழிலாளர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். அந்த லேப்டாப் கம்பெனி பஸ்ஸில் தொலைந்தால் நஷ்டம் தொலைத்தவருக்கு மட்டுமல்ல. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

சாவியை ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானது. சட்டப்படி கேட்டால் அது பிறரிடம் போகவும் கூடும். அதில் உடன்பாடில்லாதவர் எண்ணை அச்சிட்டு வேறிடத்தில் வைத்து, கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். கூடாதது, சாவியின் ஒரே பிரதியைப் பூட்டின பெட்டிக்குள்ளேயே வைப்பது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். பழுதான கோப்பை நீக்குவது சில நிமிட வேலை. ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதற்கு முன்பே மீட்பு எண் தேவைப்பட்டது. எண்களைச் சேமித்து வைத்த சர்வரும் சேர்ந்தே முடங்கிய இடங்களில் திண்டாட்டம் இரட்டிப்பானது.

லேப்டாப் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடிக்கையாளரின் மின்னஞ்சலிலேயே கணினியை அமைத்து, அந்த 48 இலக்கத்தை அச்சிட்டு பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று தேடிப் பாருங்கள். அது ஆன் என்று இருந்தால், எண்ணைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். லேப்டாப் பையில் வைக்க வேண்டாம்.