ஆட்டோவுக்கு ஹெல்மெட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டும்

ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் சிலர் ஹெல்மெட் பற்றி எங்களிடம் கேட்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பைக், ஸ்கூட்டருக்குத்தான், ஆட்டோவுக்கு இல்லை. பைக்கில் என்றால், பின்னால் உட்காரும் நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் உண்டு. இதைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள்.

எங்கள் கவலை வேறு. அண்ணன் தொழப் போன நேரத்தில் தம்பி ஒரு சவாரி அடித்துவிட்டு வருவது முகப்பேரில் புதிதல்ல. சவாரி வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சவாரி வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இ-ரிக்‌ஷாவுக்கு அது பொருந்தாது.

லைசென்ஸே இல்லாத தம்பி யார்மீதாவது மோதிவிட்டால்? இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் நஷ்டஈட்டை அண்ணனிடமே திருப்பி வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். வண்டியைக் கொடுத்த குற்றத்துக்குத் தனி அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்குமுன் லைசென்ஸை வாங்கி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள்.