பணிக்கு நடுவே படைப்பு

மேல்நிலைக் கல்வியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலரிடம், பாடக் குறிப்பேடுகளுக்கு அடியில், கவிதையோ கதையோ எழுதிய ஏடு ஒன்று மறைந்திருக்கும். தேர்வு நெருங்கியதும் அது பரணுக்குச் செல்கிறது. பட்டம் பெற்றபின் எடுத்துக்கொள்ளலாம், வேலை கிடைத்தபின் தொடரலாம் என்பது எண்ணம். அவ்வாறு மீண்டும் எடுப்பவர் சிலரே. நாஞ்சில் நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் பலர் வேலைக்கும் எழுத்துக்கும் நடுவே அப்படி ஒரு வரப்பு கட்டவில்லை. வகுப்பறை, துணிக்கடை, மிளகாய் வணிகம் ஆகியவற்றுக்கு இடையிலேயே அவர்தம் நூல்கள் பிறந்தன.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876 ஆம் ஆண்டு தேரூரில் பிறந்தார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். பாடத்திட்டத்தில் இல்லாத கல்வியே அவரைக் கவிஞராக்கியது. பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் 36 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, 1931 இல் ஓய்வு பெற்றார். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே ஓர் ஆசிரியருக்கு எஞ்சும் பொழுது எவ்வளவு என்பதை ஆசிரியரே அறிவர்! அந்தப் பொழுதில்தான் குழந்தைப் பாடல்களை எழுதினார்; கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார்.

அன்றாட வாழ்க்கை அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. பாடுபொருளைத் தந்ததும் அதுவே. சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் செல்லும் மருமக்கள் வழி முறையால் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் பல வழக்காடி நொடிந்தன. மனைவியரும் மக்களும் நிராதரவாயினர். கண்முன் கண்ட இத்துயரை, ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் கூற்றாக, நகைச்சுவை இழையோட 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' ஆக்கினார். ஊர்ப் பேச்சைக் கேட்டு வாழாத ஒருவரால் அந்நூலை எழுதியிருக்க இயலாது. 1926 இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின்வழி அம்முறை மாற்றம் பெற்றது.

இந்த வாழ்க்கைக்கு விலையும் உண்டு. 'மலரும் மாலையும்' தொகுப்பு 1938 இல் வெளிவந்தபோது கவிமணிக்கு வயது ஏறத்தாழ 62. 'ஆசிய ஜோதி' 1941 இலும், உமர்கய்யாம் பாடல்கள் 1945 இலும் நூலாயின. பாடல்கள் முன்னரே பிறந்தன, நூல்கள் காத்திருந்தன.

சுந்தர ராமசாமியின் நிலை வேறு. இளமையில் உற்ற நோயால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியதே பதினெட்டு வயதளவில்தான். நாகர்கோவிலில் குடும்பத்தின் துணிக்கடையைக் கவனித்துக்கொண்டே எழுதினார். 'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கிய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966 இல்தான் முழு நாவலாக வெளிவந்தது. நாற்சந்தி மரம், அதனைச் சூழ்ந்த கடைகள், நகராட்சி அரசியல் என அதில் வருபவை கடைத்தெருவில் நாள்தோறும் நிற்பவருக்குப் பழகியவை. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாள வழியில் பயின்றவர். மிளகாய் வணிகம் செய்தவர். அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

படிப்புக்கும் படைப்புக்கும் பகை என்று கருதுவோர் நாஞ்சில் நாடனைக் கருதிப் பார்க்கலாம். வீரநாராயணமங்கலத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, வேலை தேடி மும்பை சென்றார். வேலையின் பொருட்டுப் பல ஊர்களுக்கும் பயணம் செய்தார். விட்டு வந்த வயலும் வரப்பும் தொலைவிலிருந்தபோது கூர்மையாகத் தெரிந்தனபோலும். அவருடைய முதல் நாவல் நாஞ்சில் நாட்டையே பேசியது. படித்தும் வேலை இல்லாத ஏழை இளைஞன் ஒருவன் செல்வர் வீட்டு மருமகனாகித் தன்மதிப்புக்குப் போராடுவதே கதை. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் உறவைக் கணிதம் தலைகீழ் விகிதம் என்று வழங்குகிறது. 1977 இல் வெளிவந்த அந்நாவலின் பெயரும் 'தலைகீழ் விகிதங்கள்' என்பதே.